மூன்றாம் பக்கத்துச் சாமியார்

லிஃப்ட்காரர் துறவியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருக்குத்தான் அது தெரியாது.

தெரிய வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெளிநாட்டார் பதிவகத்தின் ஏழாம் கவுண்டரில். மனைவியையும் ஆறு வயது மகளையும் தன்னோடு அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, மூன்று பிரதி எடுத்து, புகைப்படத்தின் நான்கு மூலையும் தூக்காமல் ஒட்டி, அவர் விண்ணப்பத்தை ஜன்னலுக்குள் நீட்டினார். உள்ளே இருந்த அம்மா நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். தலையணை மொத்தத்தில் இருந்த ஒரு பதிவேட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை நிறுத்தி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"துறவிகளுக்குக் குடும்ப அனுமதி கிடையாதுங்க."

லிஃப்ட்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். துறவி யாரும் இல்லை. ஒரு பெயிண்டர் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்மா."

"தெரியுமே! போன மாசம் எங்க லிஃப்டைச் சரி பண்ணது நீங்கதானே? இன்னும் மூணாவது மாடி வந்தா ஒரு குலுக்கு குலுக்குது."

"அப்புறம் துறவின்னு சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? பதிவேடு சொல்லுது."

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லை எழுத மாட்டேன். எழுதினால் மூன்று தரப்பு கிளம்பி வரும். எனக்கு ஒரு தரப்பைச் சமாளிக்கவே தெம்பில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாடு. அந்த நாட்டு ஆட்களுக்கு ஒரு பெயர். அதற்குச் சற்றுத் தள்ளி, வரைபடத்தில் பேனா முனை பட்டால் மறைந்துபோகிற ஒரு சின்ன நாடு. அந்த ஆட்களுக்கும் அதே பெயர். இந்த இரண்டுக்கும் ஒட்டுமில்லாமல் உறவுமில்லாமல், பல நூறு வருஷமாகப் படிப்பும் பிரார்த்தனையுமாக ஒரு துறவற சபை இருக்கிறது. அதில் சேர்ந்தவர்களுக்கும் அதே பெயர்தான். இதனால் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை. சவரக்கடைக்காரர்கூடத் தலையைப் பார்த்தே சொல்லிவிடுவார், வந்தவர் எந்த வகை என்று.

பதிவகத்துக்கும் குழப்பம் கிடையாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், படித்தவர்கள். பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு மூன்று பக்கம் ஒதுக்கி, முதல் பக்கம் பெரிய நாடு, இரண்டாம் பக்கம் சின்ன நாடு, மூன்றாம் பக்கம் சபை என்று சிவப்பு மையில் தலைப்பும் போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் சின்ன நாட்டுக்காரர். அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

"ஒரு பக்கத்துக்கு இருபது வரிதாங்க" என்று ஏழாம் கவுண்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். "நீங்க பதிய வந்த அன்னிக்கு, உங்க நாட்டுப் பக்கத்துல இருபதாவது வரி உங்களுக்கு முன்னாடி நின்னவருக்குப் போயிடுச்சு."

முன்னால் நின்றவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான். லிஃப்ட்காரரோடு ஒரே வேலை, ஒரே அறை. அன்று வரிசையில் "முட்டி வலிக்குது மாப்ள" என்று முனகியதால், போனால் போகிறது என்று அவரை முன்னால் விட்டிருந்தார். உபகாரம் செய்தால் இப்படித்தான்.

"புதுப் பக்கம் திறக்கணும்னா தலைமை அலுவலகத்துல உத்தரவு வாங்கணும். ஒரு வருஷம் இழுக்கும். மூணாம் பக்கமோ பத்தொம்பது வருஷமா காலி. வருஷா வருஷம் தணிக்கைக்காரங்க வந்து, ஏன் காலி, ஏன் காலின்னு பிடுங்கி எடுக்கறாங்க. உங்களையும் அலைய விட வேண்டாம், பக்கமும் வீணாக வேண்டாம்னு அங்க எழுதினேன். நல்லது நினைச்சுத்தாங்க செஞ்சேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. லிஃப்ட்காரருக்கே ஒரு நிமிஷம் நன்றி சொல்லலாமா என்று இருந்தது.

"பரவாயில்லம்மா. இப்ப அதை ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு..."

கூடத்தில் சத்தம் நின்றது. ஆறாம் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அம்மா, குழந்தையின் காதைப் பொத்துவதுபோல், பதிவேட்டின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"அடிக்கிறதா! மேல பாருங்க."

சுவரில் பித்தளைப் பலகை மின்னியது: 'அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை. எழுபதாம் ஆண்டு.'

குடும்ப அனுமதி விண்ணப்பம் அந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான் வாங்குவார்கள். விட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருஷம் கழித்து. லிஃப்ட்காரர் ஊரைவிட்டு வரும்போது மகளுக்கு இரண்டரை வயது. மூன்று வருஷம் கம்பெனி முகாமில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் பதிவுக்கே தகுதி வந்தது. இன்னும் இரண்டு வருஷம் போனால் பெண்ணுக்கு எட்டு வயது. அன்று தேதி நான்கு.

இரவு வீட்டுக்குப் போன் போட்டார். அவர்கள் ஊர்ச் செல்போன் கோபுரம் குரலையே நொண்டி நொண்டித்தான் கொண்டுவரும், முகமெல்லாம் வராது.

"ஏங்க, அண்ணன் சொன்னாரு. சாமியாராயிட்டீங்களாமே?" என்றாள் மனைவி.

"ஆகலடி. ஆக்கிட்டாங்க."

"ராத்திரி கொறட்டை விடற சாமியாரை நான் கேள்விப்பட்டதே இல்ல. அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க."

மகள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, நாங்க எப்ப வரணும்? பையில துணி வெச்சிட்டேன். உன் போட்டோவும் வெச்சிட்டேன், மீசை போட்டோ."

அந்த மீசையைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வயதிலிருந்து அவர் சீவி, முறுக்கி, எண்ணெய் காட்டி வளர்த்த மீசை அது. "பொண்ணு பார்க்க வந்தப்போ மீசைதான் முதல்ல வாசல் தாண்டி உள்ள வந்துச்சு, இவர் பின்னாடி வந்தாரு" என்று மனைவி இன்றும் சொல்வாள். மகள் தினமும் தூங்கப் போகுமுன் அந்தப் போட்டோவில் மீசைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாளாம்.

மறுநாள் லிஃப்ட்காரர் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனார். நான்கு மணி நேரம் காத்திருந்தபின் உள்ளே விட்டார்கள். மேற்பார்வையாளர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அன்பாகவே பேசினார். அதிகாரிகள் அன்பாகப் பேசினால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

"பாருங்க, பதிவேடு தப்பு பண்ணாது. எழுதுற நேரத்துல தப்பா இருந்திருக்கலாம். அதுக்காக அவசரப்பட்டு அடிச்சுடலாமா? நாங்க காத்திருப்போம். ஆள் மெதுவா பதிவுக்குத் தக்கபடி மாறிடுவார். இப்படித்தான் ஒருத்தரைக் கைம்பெண்ணுன்னு எழுதிட்டோம். ஆம்பளை. ஒரே கலாட்டா பண்ணினார். நான் சொன்னேன், பொறுங்கன்னு. எட்டே வருஷம், அவர் சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"ஆனா சார், அவர் ஆம்பளைதானே?"

"பாதி சரியாயிடுச்சில்ல? மீதிக்குக் காத்திட்டிருக்கோம்." மேற்பார்வையாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்னையே எடுத்துக்குங்க. இங்க சேர்ந்தப்போ தற்காலிகம்னு எழுதினாங்க. இருபத்திரண்டு வருஷமா தற்காலிகமாவே இருக்கேன். ஒரு நாள் வாய் திறந்திருப்பேனா?"

மேற்பார்வையாளர் ஏதோ நினைவு வந்தவராக மணியை அழுத்தினார். "ஆமா, துறவி ஒருத்தர் நம்ம பதிவுல இருக்கார்னா அவங்களுக்குச் சொல்லணுமே!"

அவர்கள் என்றால், துறவியர் நலன் மற்றும் கண்காணிப்புப் பிரிவு. படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை, மூன்று ஊழியர்கள், ஒரு வேன். பத்தொன்பது வருஷமாகக் கண்காணிக்க ஒரு துறவிகூடக் கிடைக்காமல், அந்த மூவரும் பயிற்சி மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் தலைவரான ஆய்வாளர், மௌன விரதத்தைக் காதால் சோதிக்கும் முறையில் நான்கு முறை சான்றிதழ் வாங்கியவர். சோதிக்கத்தான் ஆளில்லை.

ஆய்வாளர் ஓடி வந்து லிஃப்ட்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா!" என்றார்.

"சார், நான் துறவி இல்ல."

"எல்லாத் துறவியும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க, தன்னடக்கம்" என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாளே வேன் வந்து நின்றது. பதினோரு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டுக்குப் புது வடம் மாட்டும் வேலை. லிஃப்ட்காரர் அடிக் குழிக்குள், பெட்டிக்குக் கீழே, சக்கரத்தில் கை வைத்திருந்தார். மச்சான் மொட்டை மாடியில் மோட்டார் அறையில். நடுவில் பதினோரு மாடி உயரக் கிணறு. இந்த வேலையில் குரல்தான் உயிர். கீழே இருப்பவன் கத்துவதை மேலே இருப்பவன் கேட்கவில்லை என்றால் கை இருக்காது, சில சமயம் ஆளே இருக்க மாட்டான்.

"தூக்காதே மச்சான்! தூக்காதே! கை உள்ள இருக்கு!"

குழியின் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆய்வாளர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்திருந்தார்.

"மௌன விரதம் கொஞ்சம் பலவீனமா இருக்கே" என்றார் வருத்தத்தோடு. "அடுத்த தடவை சைகையில சொல்லிப் பாருங்களேன்."

"அவர் பதினோராவது மாடிக்கு மேல இருக்கார் சார். எப்படிப் பார்ப்பார்?"

"கண்ணுக்கு எட்டாததை உணர்றதுதானே ஆன்மிகம்!"

பிறகு கருவிப் பையைத் திறக்கச் சொன்னார். பதினான்கு ஸ்பேனர் இருந்தது.

"துறவிக்கு ஒண்ணு போதாதா?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு சார். பத்தாம் நம்பர் நட்டுக்குப் பன்னெண்டு பிடிக்காது."

"ஆசை அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார் ஆய்வாளர். மேலேயிருந்து மச்சானின் குரல் இறங்கி வந்தது: "மாப்ள! யாரவன்? வேலை நேரத்துல கதை கேட்டுட்டிருக்கே!"

இப்படியாகப் பத்து நாள் ஓடிவிட்டது. ஆய்வாளர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். மூன்றாம் பக்கத்துக்காரர் எந்த மனு கொடுத்தாலும், உரிய அங்கியும் மழித்த தலையும் முகமும் இருந்தால்தான் வாங்குவார்கள். இல்லாவிட்டால் மனு தானாகவே தள்ளுபடி. அங்கியைப் பிரிவே கொடுத்தது. பத்தொன்பது வருஷம் முன்பு தைத்தது, ஒரே அளவு. உள்ளே இன்னொரு துறவியையும் சேர்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மீசை கூடவா சார்?"

"விதியில 'முகம்'னு இருக்கு. மீசை முகத்துலதானே இருக்கு?"

லிஃப்ட்காரர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். தேதி பதினாறு. மனு கொடுக்காவிட்டால் மகள் இல்லை. மாலையில் சவரக்கடைக்குப் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சவரக்கடைக்காரர் மூன்று தடவை கேட்டார், "நெஜமாத்தானா?" என்று. திரும்பி வந்தவரைப் பார்த்து மச்சான் கதவைப் பாதி சாத்திவிட்டு, "யார் வேணும்?" என்றார். ஆளைத் தெரிந்ததும் சிரித்தார், சிரித்து முடித்ததும் சுவர்க் கண்ணாடியைத் திருப்பி மாட்டினார்.

மறுநாள் பதிவகம் போகிற வழியில் அவசர அழைப்பு. ஒரு மருந்துக் கம்பெனிக் கட்டடத்தில் ஒரு அம்மாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு இருட்டில் முக்கால் மணி நேரமாக இருக்கிறார். அங்கியோடு போய், பெட்டியைக் கையால் இறக்கி, கதவைப் பிளந்தார். உள்ளே இருந்த அம்மாள், வெளிச்சத்தில் மொட்டைத் தலையும் நீள அங்கியுமாக ஒரு உருவம் கையை நீட்டுவதைப் பார்த்தார்.

"நான் போயிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, தரைத் தளம்."

அந்த அம்மாள் அவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனார். ஆய்வாளர் காதுக்கு இது எட்டியதும் அன்றே ஒரு சுற்றறிக்கை விட்டார், முன்னேற்றம் தெரிகிறது என்று.

தான் துறவி இல்லை என்று மனு கொடுத்தாயிற்று. 'நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல' என்பதற்குச் சபையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சாகவே பட்டது. சபையின் மடம் ஊருக்குள்ளேயே, தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. லிஃப்ட்காரர் போய்க் கதவைத் தட்டினார். மூத்த துறவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். அங்கியில் நின்ற லிஃப்ட்காரரைப் பார்த்து, "எந்த மடத்துலேர்ந்து வர்றீங்க?" என்று எழுந்தார்.

விஷயத்தைக் கேட்டு மூத்தவர் சிரித்த சிரிப்பில், மற்ற ஏழு துறவிகளும் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். டீ கொடுத்தார்கள். கடிதமும் கொடுத்தார்கள், சபை முத்திரையோடு, எட்டுக் கையெழுத்தோடு.

"நாப்பது வருஷமா பற்றை விடணும்னு பாடுபடறேன்" என்றார் மூத்தவர், வாசல் வரை வந்து. "உங்களுக்கு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. குடுத்து வெச்சவர்."

"எனக்கு என் பற்று வேணும் சாமி" என்றார் லிஃப்ட்காரர். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மூத்தவர் சிரிப்பதை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

மேற்பார்வையாளர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். இருபது வரியில் முதல் வரி மட்டும் எழுதியிருந்தது.

"இந்த எட்டுப் பேர் யாரு? இங்க இல்லையே!"

"அவங்க இந்த ஊர்லயே பொறந்தவங்க சார். வெளிநாட்டார் பதிவகத்துல எதுக்குப் பதியணும்?"

"பதியாதவங்க எனக்கு இல்லாதவங்க. இல்லாதவங்க குடுத்த கடிதத்தை நான் எந்தக் கோப்புல வைப்பேன்? பதிவுப்படி அந்தச் சபையில இருக்கிறது ஒரே ஒருத்தர், நீங்க. அதனால மூத்தவரும் நீங்கதான். கடிதம் குடுக்கிற அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கு."

லிஃப்ட்காரரின் முகம் மலர்ந்தது. கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, 'மூத்தவராகிய நான் என்னைச் சபையிலிருந்து விலக்குகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கையெழுத்துப் போட்டது யாரு? சபையிலிருந்து விலக்கப்பட்ட ஆள். விலக்கப்பட்ட ஆளுக்குக் கையெழுத்து அதிகாரம் ஏது? செல்லாதே."

"அப்ப நான் விலகினேன்னா கையெழுத்து செல்லாது, கையெழுத்து செல்லாதுன்னா நான் விலகல?"

"கரெக்ட்" என்றார் மேற்பார்வையாளர், பாடம் புரிந்த மாணவனைப் பார்ப்பதுபோல. "இத்தனை வருஷத்துல இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டவங்க ரொம்பக் கம்மி."

அன்று தேதி இருபத்தைந்து. லிஃப்ட்காரர் பதிவகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். அங்கி நனைவது தெரியாமல், மூக்கைச் சிந்தி அங்கியிலேயே துடைத்துக்கொண்டு அழுதார். அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் கண்காணிப்புப் பிரிவு. சத்தம் கேட்டு ஆய்வாளர் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெண்சாதி, பிள்ளை ஞாபகமா?"

"ஆமா சார்."

"வரச் சொல்லுங்களேன்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"குடும்பமா வர முடியாது. துறவியா வரலாமே! பக்கத்துல பத்தொம்பது வரி காலி. ஆளைச் சேர்த்துக்க மூத்தவர் கடிதம் போதும், மூத்தவர் நீங்கதான். முப்பதாம் தேதி கெடுவும் இல்ல. துறவிக்கே காலம் கிடையாது, அப்புறம் ஏது காலக்கெடு?" ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கும் ஒரு உபகாரம். மூணு துறவி ஆயிட்டா இந்தப் பிரிவு துறையாயிடும். படிக்கட்டுக்கு அடியிலேர்ந்து மேல போயிடுவோம். ஜன்னல் உள்ள ரூம்."

"வந்தா எங்க தங்குவாங்க?"

"ஒரே சபையினர் ஒரே கூரைக்குக் கீழ்தான் தங்கணும். கட்டாயம். விதி பதினொண்ணு."

கணவன், மனைவி என்றால் இரண்டு வருஷம் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒருவரையொருவர் துறந்தவர்கள் என்றால் ஒரே வீட்டில் இருந்தே ஆக வேண்டும். லிஃப்ட்காரர் இதில் நியாயம் தேடவில்லை. தேடுகிற கட்டத்தையெல்லாம் தாண்டியிருந்தார். மச்சான்தான் குதித்தார். சபையில் இல்லாதவர் அந்தக் கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது என்பதால் அவர் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

"என் கூடப் பொறந்த தங்கச்சிக்கு நான் அந்நியனாம், கட்டின புருஷன் சாமியாராம்! இவனுங்களை லிஃப்டுக்குள்ள விட்டுப் பூட்டணும் மாப்ள" என்று பெட்டி கட்டினார்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவரோடு எந்தப் பற்றும் இருக்கக் கூடாது. வருகைக் கூடத்தில் மூத்தவரை நேரில் நிறுத்தி, 'இவரைத் தெரியுமா?' என்று ஆய்வாளர் கேட்பார். தெரியும் என்று சொல்லிவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள பற்று என்ன ஆவது என்று லிஃப்ட்காரர் கேட்டார். அதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை என்றார் ஆய்வாளர்.

என்ன கேட்டாலும் மனைவி சமாளித்துவிடுவாள். பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். ஆறு வயது. மூன்றரை வருஷ ஏக்கம். பார்த்த மாத்திரத்தில் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால்? அதைக் கனவு கண்டுதான் அவர் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இப்போது அதே கனவு வந்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

எனவே தினமும் போனில் ஒத்திகை நடந்தது.

"ஒரு ஆளைக் காட்டி, இவரைத் தெரியுமான்னு கேப்பாங்க. என்ன சொல்லணும் கண்ணு?"

"தெரியாது!"

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்ப்பா. தெரியாது. தெரியாது. நல்லா சொல்றேனா?"

"ரொம்ப நல்லா சொல்றே தங்கம்."

"அவங்ககிட்ட அப்படிச் சொன்னாத்தான் உன்கிட்ட விடுவாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நூறு தடவை சொல்வேன்."

அவர்கள் வந்து இறங்கிய நாளில் கண்காணிப்புப் பிரிவு மூன்று பேரும் சலவைச் சட்டையில் வந்திருந்தார்கள். வருகைக் கூடத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. மனைவி வந்தாள். பிரிவு தபாலில் அனுப்பிய அதே அளவு அங்கி. கையை எங்கே வெளியே விடுவது என்று தெரியாமல் திணறிக்கொண்டு வந்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, அங்கியை மூன்று மடிப்பு மடித்து ஊக்கு குத்தி, மகள். என்ன உயரம் வளர்ந்துவிட்டாள்! மூக்கு அப்படியே அவர் அம்மாவின் மூக்கு. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. போனில் யாரும் அதைச் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் அங்கிக்குள் தன் தொடையை நகத்தால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"இவரை முன்னே பின்னே தெரியுமா?" ஆய்வாளர் மனைவியைக் கேட்டார்.

மனைவி பார்த்தாள். பளபளவென்ற தலை, மழுமழுவென்ற உதடு, நடுவில் அவருடைய கண்கள்.

"சத்தியமா அடையாளம் தெரியலைங்க" என்றாள்.

முத்திரை விழுந்தது. ஆய்வாளர் மகளுக்கு முன்னால் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. இவர் யாருன்னு தெரியுமா?"

கூடமே நின்றுவிட்டதுபோல் இருந்தது லிஃப்ட்காரருக்கு. மகள் அவரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள். அவசரப்படவில்லை. சிரிக்கவில்லை. கண் சிமிட்டவில்லை.

"தெரியாது" என்றாள்.

இரண்டாவது முத்திரையும் விழுந்தது. மற்ற இரண்டு ஊழியர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். துறையாகிவிட்டது.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் லிஃப்ட்காரரால் தாங்க முடியவில்லை. அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் கையை விரித்தார். "அடி என் தங்கமே! என்னமா நடிச்சே! வா, வா, ஓடி வா!"

மகள் சட்டென்று அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அங்கியைப் பிடித்து இழுத்து, அம்மாவை முகம் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, அந்த ஆளைத் தெரியாதுன்னு கரெக்டா சொல்லிட்டேன்ல? இப்ப அப்பாகிட்டப் போலாமா?"

"அடியேய், இவர்தான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். சாமான் சீட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று ஆய்வாளர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவர் கண்ணே கலங்கியிருந்தது. குறிப்பேட்டை எடுத்து, நின்ற நிலையிலேயே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: 'பற்று முழுமையாக நீங்கியது. ஆய்வு திருப்திகரம்.'